நவம்பர் பத்தொன்பதாம் தேதித் தாள்

அலுவலகத்தில் அவளை 'ஆதாரம் அக்கா' என்பார்கள். அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் வெறும் 'ஆதாரம்'. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை அங்கே யாரும் எழுப்பித் தொந்தரவு செய்வதில்லை.

தினசரி காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி அது. தாளின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் தேதி. பின்பக்கம் 'இந்த நாளில்' என்று தலைப்புப் போட்ட ஒரு சின்னக் கட்டம். யார் பிறந்தார், எந்தப் போர் ஓய்ந்தது, எவர் எதைக் கண்டுபிடித்துத் தொலைத்தார், உலகம் அன்றைக்கு எதற்காக ஒரு தினம் கொண்டாடுகிறது என்று ஆறே வரி. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து கட்டம், லீப் வருஷத்தில் ஒன்று கூடுதல். இருபத்திரண்டு வருஷமாக அதில் ஒரு வரிகூட அக்காவின் பேனாவைத் தாண்டாமல் அச்சுக்குப் போனதில்லை. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று காப்பியடித்திருக்கக் கூடாது. இல்லையென்றால் மகாராஜாவே பிறந்திருந்தாலும் அன்றைக்குப் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசாத நல்ல மனிதர். "பஸ் பஞ்சர், அதான் லேட்டாயிடுச்சு" என்று அவர் வந்து நின்றால், அக்கா முதலில் அவர் கையில் கறை இருக்கிறதா என்று பார்ப்பாள், பிறகுதான் முகத்தைப் பார்ப்பாள். "எங்க கல்யாண நாளையே இவ ரெண்டு போட்டோவைப் பார்த்துட்டுத்தான் ஒத்துக்குவா" என்று அவர் ஒருமுறை விருந்தாளிகளிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, எந்த இரண்டு போட்டோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த விசேஷ தினங்கள் விவகாரத்தில் சந்தேகப்படாதவன்தான் ஏமாளி. தலையணை செய்கிறவன் தலையணைக்கு ஒரு தினம் என்று அறிவிப்பான், மறு வருஷம் அதைப் பாதி உலகம் கொண்டாடும். நவம்பர் பத்தொன்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகக் கழிப்பறை தினம் அன்றைக்குத்தான். சர்வதேச ஆண்கள் தினமும் அன்றைக்கேதான். முதன்முதலில் இதைப் பார்த்தபோது, யாரோ வெறுத்துப்போன மனைவி செய்த வேலை என்றே அக்கா முடிவு கட்டினாள். துருவித் துருவி நான்கு இடத்தில் பார்த்தாள். இரண்டும் உண்மை. 1969-இல் அதே தேதியில் மனிதர்கள் இரண்டாம் முறையாக நிலவில் இறங்கினார்கள், அதே தேதியில் ஒரு கால்பந்து வீரர் தன் ஆயிரமாவது கோலை அடித்தார். ஒரே நாளில் இவ்வளவா என்று அக்காவுக்கு மூக்கு வியர்த்தது. அதுவும் உண்மை. வேண்டா வெறுப்பாக டிக் அடித்தாள்.

இவ்வளவு சுத்தமாகச் சலித்த சரக்கில் வருஷத்துக்கு ஒரே ஒரு வரியை மட்டும் அவளே கலப்படம் செய்வாள். அதற்குக் 'கண்ணி' என்று பெயர். அது நடக்காத சம்பவமாகவோ இல்லாத தினமாகவோ இருக்கும். வேறு எந்தக் கம்பெனிக்காரனாவது நம் கட்டங்களை அப்படியே அள்ளிக்கொண்டு போனால், அந்தப் பொய்யையும் சேர்த்து அள்ளுவான், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். 'கைக்குட்டை மடிப்போர் தினம்' என்று அவள் ஒருமுறை விட்ட கண்ணியில் வெளியூர்க் கம்பெனி ஒன்று மாட்டி, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தது. முதலாளி அதைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டிவைத்தார்.

எந்த வரி கண்ணி என்பது அக்காவுக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரியும். பக்கம் அமைக்கிறவனுக்கு வரி கண்ணில் படும், அது பொய் என்று தெரியாது.

பக்கம் அமைக்கிறவனைச் சோடாபுட்டி என்பார்கள். கண்ணாடி அவ்வளவு தடிமன். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அக்காதான். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேஜையில். அவன் டப்பாவைத் திறந்ததும், "அக்கா, இன்னிக்கு என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பான். "மூடி திறக்காம எப்படிப்பா சொல்றது?" என்பாள் அவள். பதின்மூன்று வருஷமாக இதே பேச்சு, இருவருக்கும் அலுக்கவில்லை.

அந்த வருஷக் கண்ணியை அக்கா நவம்பர் பத்தொன்பதாம் தேதியில் வைத்தாள். தினங்களும் நிலவும் கோலும் போக ஒரு வரிக்கு இடம் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள், வரி தானாக வந்து விழுந்தது: '1979: நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்டில் பதினோரு மணி நேரம் சிக்கிக்கொண்ட ஐந்து பேர், வெளியே வரும்போது ஒரு சங்கம் தொடங்கித் தலைவரையும் தேர்ந்தெடுத்திருந்தனர்.' முதலாளி படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "எப்படிம்மா இதெல்லாம் தோணுது உங்களுக்கு?" என்றார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அதே ஊரில் இன்னொரு காலண்டர் கம்பெனி உண்டு. அதன் பெயரைக்கூட முதலாளி வாயால் சொல்ல மாட்டார், 'எதிராளி' என்பார். எதிராளியின் காலண்டர் ஒவ்வொரு வருஷமும் பத்து நாள் முந்திக்கொண்டு கடைக்கு வந்துவிடும். அந்த வருஷமும் வந்தது. வழக்கம்போல அக்கா முதல் பிரதியை வாங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நவம்பர் பத்தொன்பதில் விரல் நின்றது. லிஃப்ட் இருந்தது. நான்கு மாடி, பதினோரு மணி நேரம், சங்கம், தலைவர் எல்லாம் இருந்தது. ஐந்து பேருக்குப் பதில் ஆறு பேர், அது ஒன்றுதான் வித்தியாசம். திருடன் மீசை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அக்கா நினைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. நம்முடைய காலண்டர் இன்னும் கட்டுப் பிரிக்காமல் கிடங்கில் கிடக்கிறது. வெளியே வராத தாளைப் பார்த்து எப்படிக் காப்பியடிப்பான்? உள்ளேயிருந்து யாரோ தூக்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

"யாரு?" என்றார் முதலாளி.

"எனக்குத் தெரியாது சார்."

"உங்களுக்கே தெரியாதுன்னா யாருக்கும்மா தெரியும்? அந்த வரியைப் பார்த்தவங்க எத்தனை பேர்? நீங்க, நான், அப்புறம்..."

அவர் முடிக்கவில்லை. அக்காவின் சந்தேகம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்கிற ஜாதி இல்லை அது.

மறுநாளிலிருந்து அவள் சோடாபுட்டியைப் பார்க்க ஆரம்பித்தாள். பதின்மூன்று வருஷமாகப் பார்த்த மனிதன்தான், ஆனால் இப்போது அவன் செய்வதெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. மூன்று மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போகிறானே, இங்கே பேசக்கூடாத பேச்சு அப்படி என்ன? அவள் பக்கத்தில் போனால் திரையில் சட்டென்று ஒரு பக்கத்தை மூடுகிறான். சட்டை புதிது. முன்பைவிட அதிகமாகச் சிரிக்கிறான். சிரிக்காமல் இருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பாள் என்பது வேறு விஷயம்.

"என்னப்பா, மூணு மணியானா காணாம போயிடற?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா, வீட்டு விஷயம்" என்று சொல்லி மென்று விழுங்கினான்.

புதன்கிழமை வாட்ச்மேன் ஒரு ஆதாரம் கொடுத்தார். "நம்ம சோடாபுட்டி சாரை எதிராளி ஆபீஸ் வாசல்ல பார்த்தேம்மா. அரை மணி நேரம் நின்னாரு, அப்புறம் உள்ள போனாரு." வெள்ளிக்கிழமை இரண்டாவது ஆதாரத்தை அவள் கண்ணாலேயே பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுக்க அவன் பையைத் திறந்தபோது, உள்ளே எதிராளியின் முத்திரை போட்ட நீளக் கவர் ஒன்று இருந்தது. அவன் அவசரமாகப் பையை மூடினான். "அக்கா, இன்னிக்கு என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றான். அன்றைக்கு அவள் பதில் சொல்லவில்லை.

இரண்டு ஆதாரம் ஆயிற்று. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடிக்காத ஆதாரங்கள். சாயங்காலம் முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னாள்.

அரை மணியில் முடிந்துவிட்டது. முதலாளி எள்ளும் கொள்ளுமாய் வெடித்தார். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டான். "சார், என் வீட்டுக்காரிக்கு அங்க ஒரு வேலை கிடைச்சிருக்கு. அந்த ஆர்டரைத்தான் வாங்கப் போனேன். உங்களுக்குத் தெரிஞ்சா கோபப்படுவீங்கன்னுதான் மறைச்சேன். அந்த வரி எதுன்னுகூட எனக்குத் தெரியாது சார்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா."

"அதுக்கு என்ன ஆதாரம்?" என்றாள் அக்கா.

 அவன் போய்த் தன் மேஜையில் இருந்த டப்பாவையும் பையையும் எடுத்துக்கொண்டான். எல்லோரும் பார்க்க வாட்ச்மேன் அவன் பையைச் சோதித்து அனுப்பினார். அன்று இரவுக்குள் தொழிலில் உள்ள அத்தனை பேருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது.

முதலாளி அதோடு விடவில்லை. எதிராளியை ஒரு கை பார்த்துவிடுவது என்று பத்து நாளில் வக்கீலை வரவழைத்தார். வக்கீல் இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிதானமான மனிதர், எதையும் இரண்டு தடவை படிப்பார். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது.

"எல்லாம் சரி, இது நடக்கவே இல்லைன்னு எப்படிக் காட்டுவீங்க?" என்றார் வக்கீல்.

"நான்தானே சார் கற்பனை பண்ணினேன்" என்றாள் அக்கா.

"அது நீங்க சொல்றது. அவங்க வக்கீல், 'நடந்திருக்கு, நாங்களும் தேடிக் கண்டுபிடிச்சோம்'னு சொல்லுவார். அந்த வருஷம் அந்த வாரத்துப் பேப்பரை எல்லாம் பாருங்க. எதுலயும் இல்லைன்னு எழுதிக் குடுங்க. எனக்கு அது போதும்."

மறுநாள் காலை அக்கா பொது நூலகத்தின் பழைய செய்தித்தாள் பகுதிக்குப் போனாள். அவளுக்குப் பழகிய இடம். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுப்பார்கள். தைத்த பெரிய தொகுப்புகளைச் சாய்வு மேஜையில் வைத்துத் தருவார்கள். 1979, நவம்பர். முதல் பத்திரிகையில் பத்தொன்பதிலிருந்து இருபத்தைந்து வரை வரி விடாமல் பார்த்தாள். ஒன்றுமில்லை. 'இல்லை' என்று குறித்துக்கொண்டாள். இரண்டாவது பத்திரிகையின் தொகுப்பு வந்தது. இருபதாம் தேதி, ஐந்தாம் பக்கம், வலது ஓரம்.

'லிஃப்டில் பிறந்த சங்கம்' என்று தலைப்பு. நேற்று நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் பதினோரு மணி நேரம் சிக்கிக்கொண்டவர்கள். கீழே ஒரு படம். படிக்கட்டில் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர் தலைவர் போலும், கையில் பூச்செண்டு. மொத்தம் ஆறு பேர்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை இரண்டுமுறை அல்ல, வருஷக்கணக்காக. சின்ன வயதில் வீட்டு அலமாரியில் அவள் துணி வைக்கும் தட்டில் அம்மா விரித்த பேப்பர் அது. யூனிஃபார்ம் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பூச்செண்டுக்காரர் அவளைப் பார்த்துச் சிரிப்பார். தட்டின் விளிம்பில் பேப்பர் மடிந்திருந்தது. மடிப்பின் இந்தப் பக்கம் ஐந்து பேர். ஆறாவது ஆள் மடிப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார். தேதி மேலே கொட்டை எழுத்தில், 'நேற்று' என்பது செய்தியின் முதல் வரியில் இருந்திருக்கும், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் மண்டைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம். எட்டாயிரத்துச் சொச்சம் தாள். உண்மை என்று வந்த ஒவ்வொன்றையும் கழுத்தைப் பிடித்து உலுக்கியவள், பொய் என்று தான் எழுதிய ஒற்றை வரியை மட்டும் யாரிடமும் விசாரிக்கவில்லை. பொய்க்கு எதற்கு ஆதாரம் என்று இருந்துவிட்டாள். எதிராளி திருடவில்லை. எவனோ ஒருவன் அவளைப் போலவே இந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒழுங்காக ஆறு பேரையும் எண்ணி எழுதிக்கொண்டு போயிருக்கிறான். சோடாபுட்டி ஒரு பாவமும் அறியாதவன்.

நூலகத்தில் வேறு யாரும் இல்லை. இந்தத் தொகுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 'இரண்டிலும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் வக்கீல் நம்புவார். ஊரே நம்பும். ஆதாரம் அக்கா சொன்னால் மறுபேச்சு ஏது? அந்த எண்ணம் வந்தது உண்மை. அரை நிமிஷம் இருந்ததும் உண்மை. அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் அந்தப் பக்கத்துக்கு நகல் எடுத்தாள்.

முதலாளி நகலை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"சரி, கேஸ் வேணாம். வக்கீல்கிட்ட நான் பேசிக்கறேன்."

"தம்பியை என்ன சார் பண்றது?"

"எந்தத் தம்பி?"

"நம்ம பக்கம் அமைக்கற தம்பி. அவர் எதையும் எடுக்கல சார். நான்தான் தப்பு பண்ணிட்டேன். கூப்பிட்டு நாம மன்னிப்புக் கேக்கணும்."

"எதிராளி வாசல்ல நின்னானா இல்லையா? மறைச்சானா இல்லையா? போனது போகட்டும்மா. நம்ம கண்ணியே உண்மையா இருந்துச்சுன்னு வெளியில தெரிஞ்சா, நம்ம காலண்டரை எவன் வாங்குவான்? இது இந்த ரூமோட இருக்கட்டும்."

"எழுத்துல குடுக்கணும் சார். இல்லன்னா அவர் பேர் போயிடும்."

"குடுங்களேன். குடுத்துட்டு நீங்களும் வீட்டுலயே இருந்துக்கங்க."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அக்கா தன் மேஜைக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். தவறு தன்னுடையது, அவர் எந்த வரியையும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளைப் பிரித்துப் பிரித்துத் திருத்திப் பழகிய கைக்கு அதில் திருத்த ஒன்றும் இல்லை. அதன் ஒரு பிரதியை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு, அகராதிகளை அங்கேயே விட்டுவிட்டு, கைப்பையோடு கிளம்பினாள். அழுகை வந்தது. பஸ் நிறுத்தத்தில் யாரும் பார்க்காதபோது அழுதாள்.

சோடாபுட்டியின் வீடு மூன்றாவது மாடி. மாலை ஆறு மணி இருக்கும். அவன் மனைவி சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்து பார்த்தாள். அக்காவைக் கண்டதும் உள்ளே திரும்பி, "உங்களைத் தேடித்தான் வந்திருக்காங்க" என்றாள். யார் என்று சொல்லவில்லை. சங்கிலியும் விலக வெகுநேரம் ஆனது.

அவன் வந்து நின்றான். "சொல்லுங்க மேடம்."

அந்த மேடம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அலமாரித் தட்டு, மடிப்பு, ஆறாவது ஆள், எதையும் விடவில்லை.  கடைசியில் அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"ஒரு வரிக்கு ரெண்டு புஸ்தகம் பார்ப்பீங்க. வாட்ச்மேனைக் கேட்டீங்க, என் பையைப் பார்த்தீங்க. நான் எதிர்லயே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டுதானே இருந்தேன்? என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

 "தோணல தம்பி" என்றாள் அக்கா.

"எதிராளி ஆபீஸ்ல இவளுக்கு ஒரு வேலை கிடைச்சிருந்ததுல்ல" என்று மனைவியைக் காட்டினான். "திங்கக்கிழமை சேர வேண்டியது. எனக்கு வேலை போச்சுன்னதும், இவ தன் இடத்தை எனக்குக் கேட்டு வாங்கிக் குடுத்தா. மூணு மாசம் பார்க்கறோம்னு வச்சிருக்காங்க. அங்க ஒருத்தரும் என் பக்கத்துல ஃபைலை வைக்கறதில்ல. 'நமக்குக் குடுக்கலைன்னா, வேற யாருக்குக் குடுத்தான்?'னு பேசிக்கறாங்க. நான் காதுல விழாத மாதிரி உக்காந்திருக்கேன்."

அக்கா கடிதத்தை நீட்டினாள். அவன் வாங்கி, விளக்கின் கீழே கொண்டுபோய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தான். பிறகு இன்னொரு தடவை படித்தான்.

"முதலாளி கையெழுத்து இல்லையே?"

"போட மாட்டேன்னுட்டார். இதைக் குடுத்தா என்னையும் வீட்டுல இருந்துக்கச் சொன்னார்."

"அப்ப உங்க வேலை?"

"விட்டுட்டேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை அது. இதே பார்வையை இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ பேர் முகத்தில் அவள் போட்டிருக்கிறாள். இன்றுவரை அது எதிரே நிற்பவருக்கு இப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"தப்பா நினைக்காதீங்க. ஒரு தடவை அவர்கிட்டயே கேட்டுக்கறேன்" என்று சொல்லிப் போனை எடுத்தான்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது. முதலாளி எடுத்தார். சோடாபுட்டி இரண்டே கேள்வி கேட்டான். பதிலுக்கு முதலாளி போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நன்றி கெட்டவள், சொல்லாமல் போய்விட்டாள், மேஜையில் கடிதம் வைத்திருக்கிறாள், நாளை முதல் அந்தப் பெண் வாசலில் கால் வைக்கக்கூடாது என்றெல்லாம் கேட்டது. அவன் போனை வைத்தான். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டான்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அங்க எல்லாரும் இருப்பாங்க. காகிதத்தை நான் காட்டினா, நானே எழுதினதுன்னுவாங்க. நீங்க வந்து உங்க வாயால சொல்லணும். எல்லார் முன்னாடியும்."

எதிராளியின் அலுவலகம். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருப் பக்கம்கூட அவள் போனதில்லை. முன்பின் தெரியாத முகங்கள் நடுவில் நின்று தன் தவறைச் சொல்ல வேண்டும். கண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாளை மாலைக்குள் தொழிலில் உள்ள அத்தனை பேரும் அவளை நினைத்துச் சிரிப்பார்கள்.

"வரேன்" என்றாள்.

"நிஜமா வருவீங்களா?"

"வரேன் தம்பி."

அவன் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நீங்க பத்து மணிக்கு வர்ற வரைக்கும், இவர் ஒன்பது மணியிலிருந்து வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கக் கூடாதுங்க" என்றாள்.

"எட்டரைக்கு இங்க வந்துடறேன். மூணு பேருமே சேர்ந்து போவோம்" என்றாள் அக்கா.

"எட்டரைன்னா எட்டரைதானே?" என்றான் அவன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கேட்க அவனுக்கு உரிமை இருந்தது, இன்னும் பல நாள் கேட்பான். எட்டரைதான் என்று அவள் மறுபடியும் சொன்னாள்.